நட்சத்திரம் போட்ட கடவுள்

ஈரத்தாளைக் கல்லின்மேல் பரப்பி, பன்றிமயிர்த் தூரிகையால் தட்டிக்கொண்டே வந்தவள் முதல் வரியின் நடுவில் நிறுத்திவிட்டேன். தாள் கல்லின் பள்ளங்களுக்குள் இறங்க இறங்க எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். முப்பத்திரண்டு வருடமாக நான் செய்கிற, கல்வெட்டைப் படியெடுக்கிற வேலை. அரைகுறையாகத் தெரியும் எழுத்துகளை மனம் முந்திக்கொண்டு நிரப்பிவிடும் என்பதால் வரி முடியும்வரை நான் படிப்பதில்லை, எழுத்தெழுத்தாகப் பார்ப்பதோடு சரி. அன்று என்னையும் மீறிப் படித்துவிட்டேன். இஸ்கோவன்னோ என்று இருந்தது.

"என்ன மேடம், கெட்ட வார்த்தை ஏதாவது எழுதி வச்சிருக்கானா?" என்றார் கொத்தனார் பாஸ்தியான். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். சாமி பெயர் என்றேன். நல்லதுதானே என்றார்.

லா கோம்ப் என்பது பதினொரு வீடுகளும் ஒரு சின்னத் தேவாலயமும் உள்ள குக்கிராமம். மார்ச் மழையில் தேவாலயத்தின் வடக்குச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றதால் மூலைப் பகுதியைப் பிரித்துக் கட்டப் பாஸ்தியானை அமர்த்தியிருந்தார்கள். சுவரின் கனத்துக்குள்ளே, எழுத்துள்ள முகம் உள்பக்கம் பார்த்தபடி, இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் இருந்தது. ரோமானியர் காலத்துப் பலிபீடக் கல். எங்கள் பகுதியில் பழைய சுவர்களைப் பிரித்தால் இப்படி எப்போதாவது அகப்படும். பாஸ்தியான் நேர்மையான ஆள், உடனே அருங்காட்சியகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். என் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் அந்தப் பெயரைப் பார்த்ததும் குதித்திருப்பார்கள். எனக்கு முதலில் தோன்றியது, அந்த ஆள் இங்கேயும் கைவரிசையைக் காட்டிவிட்டாரா என்பதுதான்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரோமானியருக்கு முன்பே இந்த மலைப்பக்கத்தில் வாழ்ந்த கோல் மக்கள் ஒவ்வோர் ஊற்றுக்கும் ஒவ்வொரு குன்றுக்கும் ஒரு கடவுளை வைத்திருந்தார்கள். ஆற்றைத் தாண்டினால் அந்தக் கடவுளை யாருக்கும் தெரியாது. அவர்கள் எதையும் எழுதிவைக்கிற பழக்கம் இல்லாதவர்கள். ரோமானியர் வந்தபிறகு, காய்ச்சல் தீர்ந்ததற்கோ கண் தெரிந்ததற்கோ ஒரு கல்லில் பெயரை வெட்டி நேர்த்திக்கடன் செலுத்தக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கல் ஒன்று மிஞ்சியிருந்தால் அந்தக் கடவுள் இருந்தார் என்று நாங்கள் பட்டியலில் எழுதுவோம், இல்லாவிட்டால் அவர் இல்லை. நான் பார்த்துக்கொள்கிற கடவுள்களில் பாதிப் பேர் ஒரே ஒரு சாட்சியை நம்பிக் காலம் தள்ளுகிறவர்கள். அந்தச் சாட்சி பொய் என்றால் அவர்கள் கதி அதோகதி. எங்கள் பக்கத்தில் பொய்க்கும் பஞ்சமில்லை. இருநூறு வருடமாகப் பாதிரிமார்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் ஊருக்கொரு கல்லைச் செய்து புதைத்து, தாங்களே தோண்டியெடுத்து மார்தட்டியிருக்கிறார்கள். ஆகவே எங்களுக்குள் ஒரு விதி உண்டு. ஒருவர் ஒரு கல்லில் பொய் சொன்னார் என்று தெரிந்துவிட்டால், அவர் கொண்டுவந்த கல் அத்தனைக்கும் நட்சத்திரம். கல்வெட்டுத் தொகுதியில் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன நட்சத்திரம் இருந்தால் அது போலி என்று பொருள். அதற்குப்பிறகு அந்தக் கல்லை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கடுமையான விதிதான். அதை நான் முப்பது வருடமாக மாணவர்களுக்குப் பெருமையோடு சொல்லி வந்திருக்கிறேன்.

இஸ்கோவன்னோ என்ற பெயர் உலகத்துக்கு முதலில் தெரியவந்தது ஒரே ஒரு கல்லில்தான். அதற்கு நட்சத்திரம் போட்டவள் நான். அந்தக் கல்லைக் கொண்டுவந்தவர் ஃபிர்மேன் ரவியோ.

தொண்ணூறாம் வருடம் அக்டோபரில், எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ரவியோ தன் டிராக்டரில் அந்தக் கல்லை ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் மொந்த்ரே கிராமத்தின் சாலைப் பணியாளர், அப்போது ஐம்பது வயது. கல்லுக்கு அடிபடக்கூடாது என்று மனைவியின் கட்டில்விரிப்பைச் சுற்றியிருந்தார். ஊற்றுக்குப் பக்கத்து வாய்க்காலைத் தூர்வாரும்போது கிடைத்தது என்றார். சங்கம் என்பது இருபது பேர். ஓய்வுபெற்ற நோட்டரி ஒருவர் தலைவர், இரண்டு மருத்துவர்கள், மூன்று வாத்தியார்கள், மற்றவர்கள் கட்டுரை வாசிக்கும்போது தூங்குவதற்கென்றே வருகிறவர்கள். ரவியோ இரண்டு வருடமாகச் சந்தா கட்டிக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர். ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. அன்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார். ஒரு சாலைப் பணியாளர் கண்டெடுத்த புதுக்கடவுளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அருங்காட்சியகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது, வயது இருபத்தாறு, பாரிஸில் படித்துவிட்டு வந்த திமிர் இன்னும் இறங்கவில்லை.

"ஒரே ஒரு தடவை தலையக் காட்டற சாமிய எப்படி நம்பறது? இன்னொண்ணு கிடைக்கட்டும், அப்பப் பாக்கலாம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு, சாதித்துவிட்டோம் என்று எனக்குப் பூரிப்பாகக்கூட இருந்தது. பிறகு எல்லோரும் கீர் என்கிற கலப்பு ஒயினும் சீஸ் பஃபும் சாப்பிடப் பக்கத்து அறைக்குப் போனோம். ரவியோ கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது.

பதினான்கு மாதம் கழித்து அவர் இன்னொன்று கொண்டுவந்தார். அதே கடவுள் பெயர், அழகான பெரிய எழுத்து, எங்கள் அருங்காட்சியக வாசலில் நிற்கிற கல்லின் வாசகத்தை அப்படியே பார்த்து வெட்டியது. எழுத்துகளின் பள்ளத்தில் மின்சார அறுப்புத் தட்டின் இரும்புத்தூள் மினுங்கியது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை எனக்கு. அறிக்கை எழுதினேன். விதிப்படி இரண்டு கல்லுக்கும் நட்சத்திரம். சங்கத்தின் ஆண்டு மலரில் அது அச்சாகி, ரவியோவின் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கும் தீர்மானத்தை அவர் உட்கார்ந்திருக்கும்போதே தலைவர் வாசித்தார். ரவியோ "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். என்னுடைய முதல் பெரிய வெற்றி அது. தீஜோனிலிருந்த கல்வெட்டு அறிஞர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதத்தைச் சட்டம்போட்டு மாட்டாத குறை.

லா கோம்பிலிருந்து வந்த அன்று ஈரத்தாள் காயும்வரை சமையலறையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கல் உண்மை என்றால் இஸ்கோவன்னோவுக்கு இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டது. சுவருக்குள் அடைபட்டுக் கிடந்த பெயரை ரவியோ தொண்ணூறில் தானாகக் கற்பனை செய்திருக்க வழியில்லை. அப்படியானால் அவருடைய முதல் கல்லும் உண்மை. அவர் செய்த ஒரே போலி, நான் கேட்டதற்காகச் செய்து கொடுத்தது.

மறுநாளே மொந்த்ரேவுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. முதல் கல் எந்த இடத்தில் கிடைத்தது என்று அவர் வாயால் சொல்லி, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் திருத்தம் வெளியிட முடியும். சங்கத்தின் கூட்டம் அடுத்த சனிக்கிழமை. அதை விட்டால் நான் ஓய்வுபெற்றுப் போய்விடுவேன், எனக்குப்பின் வருகிறவர் நட்சத்திரம் போட்ட கல்லைத் தொடக்கூட மாட்டார்.

ரவியோவின் புகழ் எனக்குத் தெரியாததல்ல. சங்கம் துரத்திவிட்ட முதல் ஒரு வருடம் அவர் வெளியே தலைகாட்டவில்லை என்று சொல்வார்கள். பிறகு எந்த வேட்டை விருந்திலோ, இரண்டு கிளாஸ் உள்ளே போனபின், யாரோ கிண்டல் செய்யப்போய், ஆமாம் நான்தான் செய்தேன், நோட்டரியையும் டாக்டர்களையும் ஒரு வருடம் முட்டாளாக்கினேன் என்று சொல்லியிருக்கிறார். கூடம் அதிர்ந்திருக்கிறது. அன்றிலிருந்து அவருக்குக் கடவுள் செய்தவர் என்று பெயர். படித்தவர்களுக்கு அல்வா கொடுத்த சாலைப் பணியாளரை யாருக்குத்தான் பிடிக்காது? ஜூலை பதினாலு தேசிய தின விருந்தில் நடனத்துக்கு முன்னால் அவர் எழுந்து அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு வருடம் நோட்டரியின் மூக்கு நீண்டுகொண்டே போனது. நான் எப்படிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பேசுவேன் என்று நடித்துக் காட்டுவாராம். காப்பிக்கடைக்காரர் அவர் மேஜைக்கு மேலே சுவரில் மரத்தால் ஒரு நட்சத்திரம் செய்து மாட்டியிருக்கிறார். மாட்டுக்காரர்கள், லாரி ஓட்டுகிறவர்கள் எல்லாம் அதன்கீழ் அவருடன் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள்.

எண்பத்திரண்டு வயதிலும் விறகை அவரே பிளந்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோடாலியைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வாருங்கள் என்றார். அடுப்படியில் பன்றிக்கொழுப்பு போட்ட தடித்த தோசைபோன்ற எங்கள் ஊர்ப் பலகாரம் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு துண்டு வெட்டி என் முன்னால் வைத்தார். நான் மேஜையில் தாளை விரித்து, எங்கிருந்து எடுத்தேன் என்று சொன்னேன். அவர் கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. தாளைத் தொடவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முப்பது வருடமாக மற்றவர்களைப் பார்க்கிற பார்வை அது.

"இப்ப என்ன பிடிக்க வந்திருக்கீங்க அம்மணி?" என்றார்.

பிடிக்க வரவில்லை, அன்றைக்கு நான் தப்பாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன், உங்கள் முதல் கல் உண்மையானது என்றேன். அந்த வாக்கியத்தைக் காரில் வரும்போது பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஒரு துண்டு பலகாரத்தை மென்று விழுங்கிவிட்டு, இரண்டையும் நான்தான் செய்தேன் என்றார். பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தலையிலிருந்து வந்தது என்றார். வாய்க்காலில் கிடைத்தது என்று சொன்னீர்களே என்றேன். கிடைத்தது கொட்டகையில், என் உளிக்குக் கீழே என்றார். அப்படியானால் தேவாலயச் சுவருக்குள் அதே பெயர் எப்படி வந்தது? கேட்டுவிட்டு, மடக்கிவிட்டோம் என்று நினைத்தேன்.

"எண்பத்தாறுல அந்தச் சுவத்தப் பூசினது யாருன்னு போய்ப் பாருங்க."

சொல்லிவிட்டு எழுந்து அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"அம்மணி, எங்க ஊர்ல முன்னூறு பேரு. ஒருத்தனாவது என்னய வாய்க்கா தூர்வாருனவன்னு நினைக்கறானா? அந்த நட்சத்திரம் என்னோடது. அதுல மட்டும் கைய வைக்காதீங்க."

அதற்குமேல் அவரிடமிருந்து எதுவும் பெயரவில்லை. கிளம்பும்போது, உங்கள் கல் இரண்டும் எங்கள் கிடங்கில்தான் இருக்கின்றன, விருப்பம் இருந்தால் வந்து பாருங்கள் என்றேன். மிச்சப் பலகாரத்தைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

மொந்த்ரேவோடு லா கோம்பும் அடங்கிய ஊராட்சியின் அலுவலகத்தில் எண்பத்தாறாம் வருடக் கூட்டப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். லா கோம்ப் தேவாலயத்தின் வடக்குச் சுவரை ஊரார் கூடிச் சீர்செய்த பொதுவேலை நாள், மே மாதம். வந்தவர்கள் ஆறு பேர். நான்காவது பெயர் ரவியோ, ஃபிர்மேன். எழுத்தர் தேநீர் வேண்டுமா என்று கேட்டது எனக்கு இரண்டாவது தடவைதான் காதில் விழுந்தது. பாஸ்தியானைக் கூப்பிட்டுச் சாந்து பழையதா புதியதா என்று கேட்டேன். சுண்ணாம்புதான், ஆனால் எண்பதுகளில் தேவாலய வேலைக்குச் சுண்ணாம்புதான் போடவேண்டும் என்று கட்டாயம் இருந்தது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். மூலையை அப்போது பிரித்தார்களா, மேலே மட்டும் பூசினார்களா? அது இருந்தவர்களுக்குத்தான் தெரியும் மேடம் என்றார். அந்த ஆறு பேரில் ஐந்து பேர் இப்போது அதே தேவாலயத்தின் பின்பக்கம் படுத்திருக்கிறார்கள்.

தீஜோனில் இருக்கும் என் சகா எர்வேயிடம் தொலைபேசியில் பேசினேன். எர்வே கெட்டிக்காரர், என்னைவிடச் சந்தேகப் பிராணி. எழுத்தின் வடிவம், கல்லின் தேய்மானம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். ஒன்று, அந்த ஆள் எண்பத்தாறில் ஒரு கல்லைச் செய்து சுவருக்குள் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். இல்லையென்றால் சுவருக்குள் உண்மையான கல்லைப் பார்த்துவிட்டு அதன் பெயரைத் திருடித் தன் கல்லில் போட்டிருக்கிறார். எதுவாக இருந்தாலும் அவர் கை பட்ட சுவர்.

"மூணாவதுக்கும் ஒரு நட்சத்திரத்தப் போட்டுட்டு நிம்மதியா ரிட்டயராகு சொலான்ஜ். இதையே வேற யாராவது சொல்லிட்டு வந்திருந்தா நீயே அப்படித்தான சொல்லியிருப்ப?"

சொல்லியிருப்பேன். அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அதுதான் என்னைத் தின்றது. அந்த வாரம் முழுக்க எனக்கு யார் மேலும் நம்பிக்கையில்லை. ரவியோ ஒரு கதையைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொல்கிறார் என்று காலையில் தோன்றும். மதியச் சாப்பாட்டின்போது, இல்லை, இந்த மனிதர் முப்பத்தாறு வருடம் காத்திருந்து விரிக்கிற வலையில் நான் போய் விழப்போகிறேன், அடுத்த ஜூலை விருந்தில் என் கண்ணாடி இன்னும் கொஞ்சம் பெரிதாகும் என்று தோன்றும். எல்லாவற்றுக்கும் மேலே என் மேலேயே சந்தேகம். நான் யாரைக் காப்பாற்றப் பார்க்கிறேன்? ஒரு கடவுளையா, ஒரு கிழவரையா? அல்லது வேலையை விட்டுப் போவதற்குமுன் நல்லவளாகிவிட வேண்டும் என்ற என் ஆசையையா? இருபத்தாறு வயதில் ஒரு கூடத்தைச் சிரிக்க வைத்ததற்காக ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கல்லை உண்மை என்று எழுதிவிட முடியுமா? சனிக்கிழமைக்கான குறிப்பை இரண்டு விதமாக எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் நட்சத்திரத்தை எடுத்தேன், மற்றொன்றில் மூன்றாவதைப் போட்டேன். இரண்டுமே படிக்க நன்றாகத்தான் இருந்தன.

வியாழக்கிழமை காலை ரவியோவே தொலைபேசியில் கூப்பிட்டார். உங்கள் ஊருக்குப் பல் டாக்டரிடம் வருகிறேன், பேருந்துக்கு நேரம் இருந்தால் அப்படியே வந்து என் வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். வேலைப்பாடு என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். மூன்று மணிக்கு வந்தபோது இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்திருந்தார். பல் டாக்டருக்கு யாரும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு போவதில்லை.

கிடங்கு அருங்காட்சியகத்தின் பின்கட்டில், பழைய குதிரை லாயத்தில் இருக்கிறது. நட்சத்திரம் போட்டவை எல்லாம் கடைசி வரிசையில், அடித்தட்டில். அவருடைய இரண்டு கல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பெரிய எழுத்துள்ள அந்தப் போலியை ஒரு முறை பார்த்து, மாட்டைத் தட்டுகிறமாதிரி அதன் தலையில் தட்டினார். வெட்கப்பட்டதுபோல் இருந்தது. வெட்கமா நடிப்பா என்று நான் முகத்தை உற்றுப் பார்த்தேன். அதற்குள் அவர் அடுத்த கல்லுக்குப் போய்விட்டார்.

முழங்காலை மடக்க அவருக்கு நேரமாயிற்று. ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிட்டு, ஒருவழியாக மண்டியிட்டார். தூக்கிவிடவா என்றேன், கையை ஆட்டிவிட்டார். கல்லின் தலையிலிருந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே இறங்கினார். கடவுளின் பெயர் இருந்த முதல் வரியில் கை நிற்கவில்லை. வேண்டிக்கொண்டவளின் பெயர் இருந்த இரண்டாவது வரியிலும் நிற்கவில்லை. அடியில், தட்டோடு ஒட்டினாற்போல் தேய்ந்து கிடந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார்.

"இங்க இன்னொரு வரி இருக்கே. இதுல என்ன எழுதியிருக்கு அம்மணி? நான் தண்ணி ஊத்திப் பாத்தேன், மாவு தடவிப் பாத்தேன், ஒண்ணுமே தெரியல."

அந்த வரியை நானும் படித்ததில்லை. ஆண்டு மலரில் முதல் இரண்டு வரியைத்தான் அச்சிட்டோம். போலி என்று முடிவான கல்லின் தேய்ந்த வரியை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? அதில் என்ன இருக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. வெட்டியவருக்குத் தெரியாமலிருக்க முடியாது.

அவர் என்ன கேட்டார் என்று அவருக்குத் தெரிந்ததா? வாய் தவறி விழுந்ததா? தன் மேஜையையும் மரநட்சத்திரத்தையும் விட்டுக்கொடுக்காமல், வாயால் சொல்ல முடியாததை எனக்கு இப்படிக் கொடுக்கிறாரா? அதுவும் இல்லையென்றால், என்னைப்போன்ற ஒருத்தி எதைக் கேட்டால் நம்பிவிடுவாள் என்று நன்றாகத் தெரிந்துகொண்டுதான் கழுத்துப்பட்டை கட்டி வந்திருக்கிறாரா? அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்திலிருந்து என்னால் எதையும் எடுக்க முடியவில்லை. நீங்கள்தானே செய்தீர்கள், நீங்களே சொல்லுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கூடத்தில் நின்றவளாகவே இருந்திருப்பேன். விழுங்கிவிட்டேன்.

கதவைச் சாத்தி இருட்டாக்கினேன். கைவிளக்கை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒளி கல்லின்மேல் படுக்கைவாட்டில் ஓடும்படி தாழ்த்திப் பிடித்தேன். ஒன்றுமே இல்லாதிருந்த இடத்தில் நிழல்கள் எழுந்தன. முதலில் ஒரு நேர்க்கோடு, பிறகு ஒரு வளைவு. அவர் மூச்சை நிறுத்திக்கொண்டது எனக்குக் கேட்டது.

"'மகனுக்காக'ன்னு ஆரம்பிக்குது" என்றேன்.

"பிழைச்சானாமா?"

"தெரியல. இருங்க, படிக்கறேன். 'நேர்ந்துக்கிட்டத'... இதுக்கப்புறம் தேஞ்சிருக்கு."

"மெதுவாப் படிங்க, எனக்கு பஸ் ஆறு மணிக்குத்தான்."

அவருடைய கட்டைவிரல் விளக்கின் ஒளிக்குள் வந்தது. நகம் வெடித்த, விறகுச் சிராய்ப்புகள் நிறைந்த விரல். நான் படித்துவிட்ட எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்து, படிக்காத எழுத்தின் விளிம்பில் நின்றது. என் தோள் வலிக்கத் தொடங்கியிருந்தது. விளக்கை இன்னும் ஒரு விரற்கடை தாழ்த்தினேன்.